மிஸ்டர் லிங்கனுக்குக் கூடப்பிறந்தவர்கள் யார்? றோசாக் கேள்விகளும் பதில்களும்

மாரி தொடங்குமுன் கன்று வாங்க வேண்டும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும், பலவற்றுக்கு விடை அந்தச் செடியின் தாய் தகப்பனில்தான் கிடக்கிறது. றோசா இரகப் பட்டியலில் இரண்டு பெயருக்கு நடுவே பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். முன்னால் இருப்பது காய் தாங்கிய தாய். பின்னால் இருப்பது மகரந்தம் தந்த தகப்பன். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

சேர், மிஸ்டர் லிங்கன் ஒன்றும் பாப்பா மெய்லான் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் கருஞ்சிவப்பு, இரண்டும் நல்ல வாசம். ஒரே கன்றை இரண்டு பெயரில் தந்துவிட்டார்களா? (கல்லடி)

அவசரப்பட்டுக் கன்றுக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம் தங்கச்சி. இரண்டும் கூடப்பிறந்தவை. தாய் கிரைஸ்லர் இம்பீரியல், தகப்பன் சார்ள்ஸ் மலெரின். இந்தச் சோடியிலிருந்து பிரான்சின் மெய்லான் குடும்பம் 1963இல் பாப்பா மெய்லானை வெளியிட்டது. அடுத்த வருடமே அமெரிக்காவில் ஸ்விம், வீக்ஸ் என்ற இருவர் அதே சோடியிலிருந்து மிஸ்டர் லிங்கனையும் ஒக்லஹோமாவையும் கொண்டுவந்தார்கள். ஆக மூன்று பிள்ளைகள்.

மொட்டை வைத்துப் பிரித்தறிவது கஷ்டம், செடி வளரட்டும். லிங்கன் நெடுநெடுவென்று மேலே போகும். பூக்காம்பு நீளமாக, நேராக நிற்கும். பூ முழுக்க விரிந்தால் நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள் தெரியும். பாப்பா மெய்லானின் மொட்டில் கறுப்பு மினுக்கம் ஒன்று ஓடும், இதழ் வெல்வெட் மாதிரி. ஆனால் இலையில் வெள்ளைச் சாம்பல் நோய் சீக்கிரம் பிடிக்கும். ஒக்லஹோமா மூன்றிலும் கறுத்தது. பூ உருண்டு பாரமாக இருக்கும், கழுத்துச் சற்றே தொங்கும்.

நம் கரைக்கு எது என்று கேட்டால் லிங்கன் என்பேன். மற்ற இரண்டும் அழகில் குறைந்தவை அல்ல, ஆனால் பராமரிக்கப் பொறுமை வேண்டும். எதுவானாலும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்நேர வெயில் நேரே படாத இடமாகப் பாருங்கள். கருஞ்சிவப்பு இதழின் ஓரம் கருகும், பூ முதிரும்போது ஊதா தட்டும்.

நுவரெலியாவில் பார்த்தபோது டபிள் டிலைட்டின் ஓரமெல்லாம் சிவப்பு. அங்கிருந்து கொண்டுவந்து மொட்டைமாடியில் நிழல் வலைக்குக் கீழே வைத்தேன், வெறும் பால்நிறமாகப் பூக்கிறது. ஏன்? (காத்தான்குடி)

வலைதான் காரணம். டபிள் டிலைட்டின் சிவப்பு வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டுத்தான் ஏறும். பால்நிறத்தில் விரியும் பூ, வெயில் படப் பட ஓரத்திலிருந்து சிவக்கும். காலை வெயில் நேரே விழும் இடத்துக்குச் சாடியை மாற்றுங்கள். பதினொரு மணிக்குப் பிறகு நிழல் விழுந்தால் பரவாயில்லை.

இதன் வம்சத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த கதை. 1977இல் வந்த இந்த இரகத்தின் தாய் கிரனாடா, தகப்பன் கார்டன் பார்ட்டி. கார்டன் பார்ட்டி என்பது சார்லட் ஆம்ஸ்ட்ரோங்குக்கும் பீஸுக்கும் பிறந்தது. கிரனாடாவின் தாய் டிபனி, அந்த டிபனியின் தாயும் அதே சார்லட் ஆம்ஸ்ட்ரோங். தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் ஒரே கிழவி! கல்லடித் தங்கச்சியின் செடிகளும் இந்தக் குடும்பந்தான், கிரைஸ்லர் இம்பீரியலைப் பெற்றதும் இவளே. 1940இல் அமெரிக்காவில் லாமெர்ட்ஸ் உருவாக்கிய இரகம் அது. இன்று நம் பக்கம் அதன் பெயரைக் கேட்டு வாங்குகிறவர் இல்லை, ஆனால் பேரப்பிள்ளைகள் வளவுக்கு வளவு நிற்கின்றன.

குயின் எலிசபெத் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. வாசம் மட்டும் இல்லையே ஐயா? (களுவாஞ்சிக்குடி)

அதற்கும் தாய் சார்லட் ஆம்ஸ்ட்ரோங்தான். தகப்பன் புளோரடோரா, கொத்தாகப் பூக்கும் வகை. 1954இல் இது வந்தபோது பெரிய பூவும் கொத்தும் சேர்ந்திருந்ததால், இதற்காகவே கிராண்டிபுளோரா என்று புதுப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். வாசம் இலேசாகத்தான் வரும், எருவை மாற்றினாலும் அது அதிகரிக்காது. மணல் வளவில் இவ்வளவு செழிப்பாக நிற்கிற செடியைக் குறை சொல்லாதீர்கள்.

கோயில் மாலைக்கு வாசமான றோசா எது நடலாம்? (கல்முனை)

பன்னீர் றோசா. வேறு யோசனை வேண்டாம். பட்டியலில் எட்வேர்ட் றோசா என்று இருக்கும். சீனாவின் ஓல்ட் ப்ளஷ் வகையும் இலையுதிர் கால டமஸ்க் றோசாவும் ரெயூனியன் தீவில் கலந்து பிறந்த வம்சம் அது. அந்தத் தீவுக்கு அப்போது பூர்பொன் என்று பெயர், அதனால் இந்த வம்சத்துக்கும் பூர்பொன் றோசா என்றே பெயர் விழுந்தது. சூட்டுக்கு அஞ்சாது, தடி வெட்டி நட்டாலே வேர் விடும். இந்தியாவில் மற்ற இரகங்களை ஒட்டுவதற்கும் இதை அடிக்கன்றாக, அதாவது வேரோடு கீழே நிற்கும் செடியாக, எடுக்கிறார்கள். ஒன்று, பூ சீக்கிரம் உதிரும். விடியமுன் பறித்துவிடுங்கள்.

இணையத்தில் நீல றோசா விதை விற்கிறார்கள். வாங்கலாமா? (ஏறாவூர்)

வேண்டாம் தம்பி. றோசாவில் நீல நிறமி இயற்கையாக இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் வேறு பூவின் மரபணுவைப் புகுத்தி 2009இல் விற்பனைக்கு விட்டதுகூட ஊதாவுக்குக் கிட்டத்தான் இருக்கிறது. அதோடு, பெயருள்ள எந்த இரகமும் விதையிலிருந்து அப்படியே வராது. ஒட்டிலோ தடியிலோதான் வரும்.

என் பீஸ் செடி மஞ்சளாகப் பூத்தது. இப்போது சின்னச் சின்னப் பூவாக வேறு நிறத்தில் பூக்கிறது. இனம் மாறுமா? (அக்கரைப்பற்று)

மாறவில்லை. ஒட்டுக்குக் கீழே அடிக்கன்று துளிர்த்து மேலே உள்ளதை அமுக்கிவிட்டது. ஒரு காம்பில் ஏழு சிற்றிலை வந்தால் அடிக்கன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அதை நம்பி வெட்டாதீர்கள், நல்ல இரகத்திலும் ஏழு வரும். மண்ணைக் கிளறி, கிளை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒட்டுமுடிச்சுக்குக் கீழே என்றால் கத்தரிக்காமல், அடியோடு பிய்த்து எடுங்கள். கத்தரித்தால் அதே இடத்தில் இரண்டாய் வரும்.

நானே இரண்டு இரகத்தைச் சேர்த்துப் புதிது உண்டாக்க முடியுமா? உயர்தரம் படிக்கிறேன். (வாழைச்சேனை)

தாராளமாக, மகள். மழை ஓய்ந்த பிறகு தொடங்குங்கள். வழக்கமாகக் காய் பிடிக்கிற செடியைத் தாயாக எடுங்கள். நாளை விரியும் என்ற நிலையில் உள்ள மொட்டில் இதழ்களைக் கழற்றி, மகரந்தத் தாள்களைக் கத்தரியால் எடுத்துவிட்டுக் கடதாசிப் பையால் மூடுங்கள். அடுத்த நாள் சூல்முடி, அதாவது பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் நுனி, பிசுபிசுப்பாகும்போது தகப்பன் பூவின் மகரந்தத்தைத் தடவி மறுபடி மூடி, தாய் தகப்பன் பெயரும் திகதியும் எழுதிக் கட்டுங்கள். காய் பழுக்க நாலு மாதமளவில் ஆகும். விதையை ஈரக் கடதாசியில் சுற்றிப் பிரிட்ஜில் ஆறு, எட்டுக் கிழமை வைத்து விதையுங்கள், உறைகுளிர்ப் பெட்டியில் அல்ல. எல்லாம் முளைக்காது. முளைத்தவை திரும்பத் திரும்பப் பூக்கும் இனத்தவை என்றால் சில கிழமைகளிலேயே முதல் பூவைக் காட்டும். அந்த முதல் பூ சிறிதாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துச் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.