பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வரலாமா?

கேள்வி: வயது 41. தினமும் குடிக்கிறேன். வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன், வீட்டில் சண்டை போடுவதில்லை, ஆனால் விடவும் முடியவில்லை. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அதை எங்கே தேடுவது? தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிட்டால்? எழுந்து நின்று எல்லாக் கதையையும் சொல்ல வேண்டுமா?
- பெயர் வேண்டாம்

பதில்: தெரிந்தவர் அங்கே இருந்தால், பெரும்பாலும் அவரும் அதற்காகத்தான் வந்திருப்பார். உங்களைப் பார்த்து அவருக்கும் அதே பதற்றம் இருக்கும். அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே பேசக் கூடாது என்பது 1935-இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கிய காலத்திலிருந்தே ஊறிப்போன பழக்கம்.

தேடுவது பெரிய வேலை இல்லை. அமைப்பின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டப் பட்டியல் இருக்கும், அருகிலுள்ள குடிமீட்பு சிகிச்சைப் பிரிவிலும் சொல்வார்கள். ஆனால் பட்டியலை அப்படியே நம்பிக் கிளம்பாதீர்கள். இடமும் நேரமும் மாறியிருக்கலாம், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அதையே சாக்காக வைத்து மறுபடி போகவே மாட்டீர்கள், அதனால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். 'திறந்த கூட்டம்' என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம், 'மூடிய கூட்டம்' குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். நேரில் போகக் கால் வரவில்லையா, ஆன்லைன் கூட்டத்தில் கேமராவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். தொடக்கத்துக்கு அது போதும்.

உள்ளே என்ன நடக்கும்? பெரும்பாலும் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடலாம். ஒருவர் அறிமுக வாசகத்தைப் படிப்பார், அப்புறம் ஒவ்வொருவராகத் தன் கதையைப் பேசுவார்கள். உங்கள் முறை வந்தால் "இன்றைக்குக் கேட்க வந்தேன்" என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். ஒருவர் பேசும்போது குறுக்கே புகுந்து புத்தி சொல்வதைப் பல குழுக்களில் அனுமதிப்பதே இல்லை. (நம் வீட்டு விசேஷங்களுக்கும் இந்த விதி வந்தால் நன்றாக இருக்கும்.) கட்டணம் கிடையாது. செலவுக்காக ஒரு பை சுற்றி வரும், புதியவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை. முடிந்ததும் ஓடிவிடாமல் பத்து நிமிடம் நில்லுங்கள், என்னைக் கேட்டால் கூட்டத்தைவிட முக்கியமான நேரம் அதுதான். யாராவது வந்து பேசுவார்கள், போன் நம்பர் கொடுப்பார்கள். குடிக்கத் தோன்றும் ராத்திரியில் உதவப்போவது அந்த நம்பர்தான். முதல் குழு ஒட்டவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள், ஒவ்வொன்றின் சுபாவமும் வேறு.

ஒன்றே ஒன்று: தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கைநடுக்கம், வியர்வையில் தொடங்கி வலிப்பு, மனக்குழப்பம் வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே நிறுத்துவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கணவர் வர மறுக்கிறார். எப்படி அழைத்துப் போவது?
- ஒரு வாசகி

பதில்: இழுத்துக்கொண்டு போக முடியாது, போனாலும் நிற்காது. பேசுவதானால் போதையில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம், தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் ஒரே ஒருமுறை, நேற்று நடந்ததை மட்டும் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள் அம்மா. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கியது அல்-அனான், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் இருக்கிறது. அவரைத் திருத்தும் வித்தையை அங்கே கற்றுத்தர மாட்டார்கள். ஆனால் பாட்டிலை ஒளித்துவைப்பது, அவருக்காக அலுவலகத்துக்குப் பொய் சொல்வது, ராத்திரி முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, இதையெல்லாம் செய்து களைத்த பெண்கள் அங்கே இருப்பார்கள், நீங்கள் பாதி சொல்வதற்குள் மீதி அவர்களுக்குப் புரிந்துவிடும். அடி உதை இருந்தால் மட்டும் கூட்டம் பிறகு, முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளிலும் கடவுள் வருகிறாரே?
- நாத்திக வாசகர்

பதில்: எல்லாப் படிகளிலும் இல்லை, சிலவற்றில் வருகிறார், அதுவும் 'நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்ற சலுகையோடு. படிகள் சொல்லும் 'நம்மைவிடப் பெரிய சக்தி'யாகக் குழுவையே எடுத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி இருக்கிறது, அங்கே பிரார்த்தனை கிடையாது, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகள்தான். ஆனால் கடவுளைக் காரணம் காட்டி இரண்டுக்கும் போகாமல் இருக்கிறீர்களா என்பதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு மாதம் குடிக்காமல் இருந்து, போன வாரம் சறுக்கிவிட்டேன். எந்த முகத்தோடு கூட்டத்துக்குப் போவது?
- பெயர் வேண்டாம்

பதில்: இருக்கிற முகத்தோடுதான். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சறுக்காதவரைத் தேட வேண்டியிருக்கும். முதலில் ஸ்பான்சருக்கு (உங்களுக்கு வழிகாட்டும் அனுபவமுள்ள உறுப்பினருக்கு) போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், கூட்டத்தில் சொல்வது அப்புறம் சுலபமாகிவிடும். அன்றைக்குக் குடித்திருந்தாலும் போகலாம், பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.