அண்ணன் கேமரா, தம்பி கேமரா

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். ஒரே குடும்பப் பெயரில் இரண்டு போன் வருகிறது. ஒன்று விலை கூடிய அண்ணன், இன்னொன்று விலை குறைந்த தம்பி. கேமராவுக்காக அண்ணனையே வாங்க வேண்டுமா, தம்பி போதுமா? கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

கேள்வி: கூகுளின் பிக்சல் 8 போனில் 50 மெகாபிக்சல், பிக்சல் 8ஏ-வில் 64 மெகாபிக்சல். விலை குறைந்ததில்தான் எண் கூடுதல். "8ஏ-தான் மேல், டீச்சர். கம்பெனிக்காரனே தெரியாம விலையைக் குறைச்சுப் போட்டுட்டான்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
— பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: தெரியாமல் விலையைக் குறைத்த கம்பெனியை நான் இன்னும் பார்க்கவில்லை, டீச்சர்.

பாகப்பிரிவினை போல வைத்துக்கொள்ளுங்கள். மனையை எத்தனை பேருக்குப் பிரித்தார்கள் என்பதுதான் மெகாபிக்சல். மனை எத்தனை சென்ட் என்று அது சொல்லாது. அதைச் சொல்வது சென்சாரின், அதாவது லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சத்தை வாங்குகிற சில்லின் அளவு. பிக்சல் 8-இல் அது 1/1.31 அங்குலம், 8ஏ-வில் 1/1.73 அங்குலம். கீழே உள்ள எண் பெரிதானால் சென்சார் சிறியது என்று கணக்கு ஆசிரியர் யாரும் சொல்வார். பரப்பளவில் பார்த்தால் 8-இன் சென்சார் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. 8ஏ-வில் சின்ன மனை, 64 பங்காளிகள். ஆளுக்குக் கட்டில் போடும் இடம்தான் தேறும்.

அதற்காக 8ஏ மோசம் என்று நினைக்க வேண்டாம். இரண்டிலும் இருப்பது ஒரே டென்சர் ஜி3 சிப், படத்தைச் செப்பனிடுவது ஒரே கூகுள் மென்பொருள். பகல் வெயிலில் இரண்டிலும் எடுத்த படங்களைக் கலந்து வைத்தால் எது எதில் எடுத்தது என்று நானே திணறுவேன். விளக்கு வெளிச்சத்தில், அதுவும் ஆள் அசையும்போது, 8 முன்னால் போய்விடும். அறிமுக விலையில் வித்தியாசம் 23,000 ரூபாய் (52,999-க்கும் 75,999-க்கும்). உங்கள் பள்ளி ஆண்டுவிழா காலையில் நடக்கிறதா, மாலை ஆறரைக்கு மேலா? காலையில் என்றால் 8ஏ வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் வேறு ஏதாவது செய்யுங்கள்.

கேள்வி: 200 மெகாபிக்சல் போனில் எடுத்தால் சுவர் அளவுக்குப் பிரிண்ட் போடலாமா?
— மாணவர், சேலம்

பதில்: போடலாம், சுவர் உங்களுடையது என்றால். ஆனால் அமைப்பை நீங்களாக மாற்றாதவரை அந்த போன் 16 பிக்சல்களை, அதாவது படப் புள்ளிகளை, ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் சொச்சத்துக்குத்தான் படம் தரும். பெட்டியில் அச்சடித்த எண்ணை வாங்கியவர்களில் பலர் ஒருமுறைகூடப் பயன்படுத்துவதில்லை.

கேள்வி: மகளின் வளைகாப்புக்காக ஐபோன் 16இ வாங்கினேன். "16-ம் இதுவும் ஒரே 48 மெகாபிக்சல் கேமராதான் சார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். விழா அன்று கூடத்தில் இருந்த எல்லோரையும் ஒரே படத்தில் அடக்க முடியவில்லை. பின்னால் போனால் சுவர். மருமகனின் ஐபோன் 16-இல் 0.5 என்று ஒரு பொத்தான் இருக்கிறது. என்னுடையதில் காணோம். அப்டேட் போட்டால் வருமா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி

பதில்: வராது ஐயா. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு தனி லென்ஸ் இருக்கிறது. அது அல்ட்ராவைடு, அகலமாகப் பார்க்கிற கண். 16-இல் அது உண்டு. பூவுக்குப் பக்கத்தில் போய் மேக்ரோ எடுப்பதும் அதே லென்ஸ்தான். 16இ-யில் பின்பக்கம் ஒரே ஒரு லென்ஸ். கை நடுக்கத்தைச் சமாளிக்க 16-இல் சென்சாரையே அசைக்கிற ஏற்பாடு இருக்கிறது, 16இ-யில் இருப்பது சாதாரண வகை. அறிமுகத்தில் ஒன்று 79,900, மற்றது 59,900. நடுவில் உள்ள 20,000 ரூபாயில் உங்கள் கூடத்தின் இரண்டு ஓரங்களும் போய்விட்டன.

"ஒரே 48 மெகாபிக்சல்" என்றது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. இந்த வகைப் பேச்சுதான் எனக்கு முழுப் பொய்யைவிட எரிச்சல் தரும். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லாததால் வழக்கு நிற்பது கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயரிடு விழாவுக்கு போனை நெடுக்காக நிமிர்த்திப் பிடித்து, பனோரமாவில் மெதுவாக ஓட்டுங்கள். குழந்தைகள் அசையாமல் இருக்க வேண்டும். அது உங்கள் பாடு.

கேள்வி: நள்ளிரவுத் தள்ளுபடியில் நான்கு கேமரா உள்ள ஒரு போன் வாங்கினேன். மாடல் பெயர் சட்டென்று நினைவில்லை. மேக்ரோவில் எடுத்தால் பூ சேறு மாதிரி வருகிறது. நண்பனின் போனில் மூன்றே கேமரா, படம் பளிச்சென்று இருக்கிறது. எப்படி?
— ஐ.டி. ஊழியர், சென்னை

பதில்: வாங்கிய போனின் பெயர் நினைவில்லை, நான்கு கேமரா என்பது நினைவிருக்கிறது. இதற்காகத்தான், தம்பி, அதை நான்காக ஆக்கினார்கள்.

கல்யாண அழைப்பிதழில் "21 வகை விருந்து" என்று போட்டுவிட்டு இலையில் உப்பையும் ஊறுகாயையும் வாழைப்பழத்தையும் சேர்த்து எண்ணுவார்களே, அந்தக் கணக்குதான் இது. 2019-இல் வந்த ரெட்மி நோட் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 48, 8, 2, 2 மெகாபிக்சல் என்று நான்கு. அந்தச் சமயத்தில் நடுத்தர விலையில் பல கம்பெனிகள் இதே இலையைத்தான் போட்டன. முதல் லென்ஸ் சாம்பார், இரண்டாவது ரசம். மீதி இரண்டும் உப்பும் ஊறுகாயும். ஒன்று 2 மெகாபிக்சல் மேக்ரோ. இந்த வகையில் பெரும்பாலும் ஃபோகஸ் ஓரிடத்தில் கட்டிப்போட்டிருக்கும். நான்கு சென்டிமீட்டரில் பிடித்தால்தான் தெளிவு, ஒரு விரல் நகர்ந்தால் சேறு. இன்னொன்று ஆழம் பார்க்கும் சென்சார். அது தனியாக ஒரு படம்கூட எடுக்காது. ஆளுக்குப் பின்னால் மங்கலாக்க உதவுகிறது என்பார்கள். ஆனால் 2018-இல் வந்த பிக்சல் 3 பின்பக்கம் ஒரே ஒரு லென்ஸை வைத்துக்கொண்டே அந்த வேலையைச் செய்தது.

விலை கூடிய போன்களில் மேக்ரோவுக்கென்று இப்படித் தனியாக ஒரு துண்டு லென்ஸ் வைக்கமாட்டார்கள். 2021-இல் ஐபோன் 13 புரோவில் செய்தது போல, அல்ட்ராவைடு லென்ஸுக்கே ஆட்டோஃபோகஸ் கொடுத்து அதையே கிட்டப் போக வைப்பார்கள். உங்கள் நண்பன் போனில் ஒரு லென்ஸ் குறைவாக இருந்தும் பூ தெளிவாக வருவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். திட்டத்தான் செய்கிறேன், ஆனால் தகுதியோடு திட்டுகிறேன். 2020-இல் 17,000 ரூபாய் கொடுத்து நானும் ஒரு நாலு கண் போன் வாங்கினேன். ஒரு மாதம் கழித்துச் சந்தேகம் வந்து, லென்ஸ் ஒவ்வொன்றையும் விரலால் மூடி மூடிப் படம் எடுத்துப் பார்த்தேன். நான்காவதை மூடினால் எதுவும் மாறவில்லை. பின்னணி மங்கலாகிற போர்ட்ரெயிட்கூட அப்படியே வந்தது. பக்கத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்த அம்மா, "அப்போ அது என்ன, திருஷ்டிப் பொட்டா?" என்றார். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

கேள்வி: கடையில் இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அப்புறம் எதற்கு விலை வித்தியாசம்?
— ஜவுளிக் கடைக்காரர், ஈரோடு

பதில்: புடவையைக் குழல்விளக்கில் பார்த்து வாங்காதீர்கள், வாசலுக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள் என்று உங்களிடம் வருகிறவர்கள் சொல்வதில்லையா? அதேதான் இங்கேயும், ஆனால் தலைகீழாக. போன் கடையில் அத்தனை விளக்கு எரியும். அவ்வளவு வெளிச்சத்தில் எந்த கேமராவும் நல்ல பிள்ளைதான். விளக்கு விழாத மூலைக்குப் போங்கள். முடிந்தால் பொழுது சாய்ந்தபின் கடைக்குப் போங்கள். கூட வந்தவரை நடக்கச் சொல்லி எடுங்கள், நின்றுகொண்டு சிரிக்கச் சொல்லி அல்ல. கறுப்புத் தலைமுடியைப் பெரிதாக்கிப் பாருங்கள், இழை இழையாக இருக்கிறதா, மை பூசியது போலிருக்கிறதா என்று. நடந்துகொண்டே அரை நிமிடம் வீடியோ எடுங்கள்.

முக்கியமானது இன்னொன்று. அந்தந்தப் படத்தை அந்தந்த போன் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அண்ணன் போனின் திரையே நன்றாக இருக்கும், அதில் எந்தப் படமும் அழகாகத் தெரியும். இரண்டு படத்தையும் ஒரே திரைக்குக் கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைப் பிழிந்து சிறிதாக்கிவிடும்; 2023-இல் வந்த எச்டி வசதியும் ஓரளவுக்குத்தான். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் கேபிள் போட்டு எடுங்கள்.

சரி, நீங்கள் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு மட்டும்தான் போடுகிறீர்கள் என்றால், மேலே சொன்னதை எல்லாம் மறந்துவிட்டுத் தம்பியை வாங்குங்கள்.

கேள்வி: கோவையில் ஒரு கடையில் பழைய ஐபோன் 13 புரோ வாங்கினேன். சாதாரண 13-ஐவிடக் கூடுதல் விலை கொடுத்ததே கேமராவுக்காகத்தான். "எல்லாமே ஒரிஜினல், எதுவும் மாத்தலை" என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் கொடுத்தார்கள். ஜூம் செய்தால் படம் ஒரு பக்கம் மங்கல். செட்டிங்ஸில் கேமராவுக்கு நேரே "அன்நோன் பார்ட்" என்று வருகிறது. கேட்டால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே போட்டிருக்கிறோமே" என்கிறார்கள். வாங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. எட்டு மாதச் சேமிப்பு.
— செவிலியர், பொள்ளாச்சி

பதில்: அம்மா, நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. எழுத்தில் வாங்கி வைத்தீர்கள். நான்கூட அதைச் செய்திருக்க மாட்டேன்.

ஐபோன் 12 முதல், கேமராவைக் கழற்றி வேறு போட்டிருந்தால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் பக்கத்தில் அது காட்டிக்கொடுக்கும். "அன்நோன் பார்ட்" என்றால் கம்பெனியின் அசல் பாகம் அல்ல, அல்லது வேறொரு போனிலிருந்து பிடுங்கி வைத்தது, அல்லது சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடல், பில், மங்கலான படங்கள் எல்லாவற்றுக்கும் வெளியில் ஒரு நகல் இருக்கட்டும். போனைப் பழுது பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள்.

பில்லில் அடித்திருக்கிற அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல கடைக்காரர்கள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே பேசலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். உண்மையாகவே காத்திருப்பேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: பழைய போன் வாங்கும்போது அபவுட் பக்கத்தைக் கடையிலேயே திறந்து பாருங்கள். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: கும்பாபிஷேகத்தில் கலசத்தைக் கிட்டத்தில் எடுக்க வேண்டும். விலை குறைந்த போனிலேயே 30 மடங்கு ஜூம் என்று போட்டிருக்கிறதே?
— வாசகர், கும்பகோணம்

பதில்: படத்தை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவதையும் ஜூம் என்றே எழுதுவார்கள். கேட்க வேண்டியது, தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும் டெலிஃபோட்டோ லென்ஸ் தனியாக இருக்கிறதா என்று. இதில் விலையை மட்டும் நம்ப முடியாது. பிக்சல் 8-இல் அது இல்லை, சாம்சங்கின் தம்பி மாடலான எஸ்23 எஃப்இ-யில் 3 மடங்கு உண்டு. ஐபோன் 15 புரோவில் 3 மடங்கு, புரோ மேக்ஸில் 5.

கேள்வி: பிக்சல் 8 வைத்திருக்கிறேன். ஷட்டர் வேகத்தை நாமே மாற்றும் வசதி 8 புரோவில் மட்டும் இருக்கிறது. என் போனால் முடியாதா?
— புகைப்பட ஆர்வலர், மதுரை

பதில்: முடியும். கம்பெனிக்குத்தான் கொடுக்க மனமில்லை. வேறு கேமரா செயலி ஒன்றைப் போட்டால் உங்கள் போனும் அதைச் செய்யும்.

கேள்வி: போன வருட அண்ணனா, இந்த வருடத் தம்பியா? விலை ஒன்றுதான்.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: கேமராவுக்கு என்றால் போன வருட அண்ணன். பெட்டி பிரிக்காததாக இருக்கட்டும், எத்தனை வருடம் அப்டேட் பாக்கி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?
— வாசகர், திருச்சி

பதில்: அண்ணன். 3 மடங்கு டெலிஃபோட்டோவோடு, தவணையில். போன மாதம் ஒரு வருடம் முடிந்தது என்று உட்கார்ந்து கேலரியை முழுக்கப் பார்த்தேன். மின்வாரிய மீட்டர், மாத்திரை அட்டை, வண்டி நிறுத்திய இடத்தின் தூண் எண், மளிகை பில், அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். டெலிஃபோட்டோவில் எடுத்தது மொத்தம் நான்கு படம். அதில் ஒன்று நிலா. தெருவிளக்கு என்கிறாள் மகள்.