விளையாட்டு அரங்கத்தில் வாக்குச்சாவடி வைத்தால் வாக்குப்பதிவு கூடுமா?

கேள்வி: 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் பெரிய விளையாட்டு அரங்கங்களை வாக்குச்சாவடிகளாக மாற்றினார்கள். அதனால் வாக்களித்தவர்களின் எண்ணிக்கை உண்மையிலேயே கூடியதா?

அந்த அரங்கங்களில் ஒன்றில் வாக்களித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் வசிக்கிறேன். 2020 பிப்ரவரியில் குடியுரிமை கிடைத்தது. செப்டம்பரில் வாக்காளராகப் பதிவு செய்தேன். இந்த நாட்டில் நான் போட்ட முதல் ஓட்டு, ஸ்டேட் ஃபார்ம் அரீனா என்ற கூடைப்பந்து அரங்கத்தில் போட்ட ஓட்டு. அட்லாண்டா ஹாக்ஸ் அணியின் சொந்த மைதானம் அது.

அரங்கம் புதிதாகச் சேர்ந்த ஒரு சாவடியாக இருந்தால் மக்களுக்கு நல்லது. ஏற்கெனவே இருந்த சாவடிகளை மூடிவிட்டு அவற்றுக்குப் பதிலாக வந்தால் கெடுதல். 2020-இல் இரண்டுமே நடந்தன. அதனால்தான் உங்கள் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது.

முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அக்டோபர் 12 அன்று ஜார்ஜியாவில் முன்கூட்டிய வாக்குப்பதிவு, அதாவது தேர்தல் நாளுக்கு முன்பே நேரில் வந்து ஓட்டுப் போடும் ஏற்பாடு, தொடங்கியது. முதல் நாள் காலையில் வாக்காளர்களைச் சரிபார்க்கும் கணினிகள் தகராறு செய்து, பலர் காத்திருக்க வேண்டியிருந்ததைச் செய்தியில் பார்த்தோம். நான் அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை, பக்கத்து வீட்டு அம்மையாருடன் போனேன். எழுபதைத் தாண்டியவர். பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலிக்காரர். ரயிலில் போனோம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அரங்கம். நடை மிகக் குறைவு. காரில் வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்தக் கட்டணம் கிடையாது.

உள்ளே சுமார் 300 வாக்குப்பதிவு இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே தாராளமான இடைவெளி. தொற்றுநோய் உச்சத்தில் இருந்த அந்த மாதங்களில் உயரமான கூரையும் அகலமான வழியும் எவ்வளவு ஆறுதலாக இருந்தன என்பதை அப்போது முகக்கவசத்தோடு நின்றவர்கள் அறிவார்கள். எங்களை வரவேற்ற பெண், ஆட்ட நாட்களில் ரசிகர்களை இருக்கைக்கு அழைத்துப் போகும் ஊழியர். அரங்கத்தின் ஊழியர்கள் பலர் தேர்தல் பயிற்சி பெற்று அங்கே வேலை செய்தார்கள். கூட்டத்தை நடத்துவது அவர்களுக்குக் கைவந்த கலை. வயதானவரைக் கண்டதும் நாற்காலி வந்தது. எந்த வரிசை வேகமாக நகர்கிறது என்று பார்த்து அங்கே திருப்பிவிட்டார்கள்.

ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். ஒரு அட்டை கொடுத்தார்கள். அதைச் செருகினால் தொடுதிரையில் வேட்பாளர் பட்டியல் வரும். தேர்ந்தெடுத்து முடித்ததும் பக்கத்து அச்சுப்பொறி ஒரு தாளை நீட்டியது. அதில் என் தேர்வுகள் எழுத்திலும், கூடவே ஒரு கியூஆர் குறியீடாகவும் இருந்தன. அந்தத் தாளை வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். மூன்று முறை படித்தேன். பிறகு ஸ்கேனரில் செலுத்தினேன். வாசலில் பீச் பழம் போட்ட ஒட்டுவில்லை கொடுத்தார்கள். அம்மையார் தன்னுடையதைச் சட்டையில் ஒட்டவில்லை. பணப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். வரிசையில் நின்றது முதல் வெளியே வந்தது வரை அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

இந்த அரைமணி நேரத்தின் மதிப்பு தெரிய வேண்டுமானால் அதே ஆண்டு ஜூன் 9-ஐ நினைக்க வேண்டும். அன்று ஜார்ஜியாவில் முதற்கட்டத் தேர்தல், அதாவது கட்சிகளின் வேட்பாளர்களை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல். மாநிலம் முழுவதும் புதிய இயந்திரங்கள் வந்திருந்தன. தொற்றுக்குப் பயந்து தேர்தல் பணியாளர்கள் பலர் விலகிவிட்டார்கள். அமெரிக்காவில் சாவடிப் பணியாளர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். 2018 தேர்தலில் 58 சதவீதம் பேர் 61 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். வழக்கமாக இடம் கொடுக்கும் தேவாலயங்கள் சில கதவைத் திறக்கவில்லை. அட்லாண்டாவைச் சுற்றிப் பல இடங்களில் மக்கள் மணிக்கணக்கில் நின்றார்கள், முக்கியமாகக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில். ஜூன் மாத முடிவில் ஹாக்ஸ் அணி தன் அரங்கத்தைத் தர முன்வந்தது. ஆகஸ்டில் நடந்த இரண்டாம் சுற்றுத் தேர்தலிலேயே அது சாவடியாகப் பயன்பட்டது.

இதை நாடு முழுவதற்கும் கொண்டு போனது வேறொரு நிகழ்ச்சி. ஆகஸ்டு 23 அன்று விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் சுட்டது. மூன்று நாள் கழித்து அதே மாநிலத்தின் கூடைப்பந்து அணியான மில்வாக்கி பக்ஸ் வீரர்கள் ஆட்டத்துக்கு இறங்க மறுத்தார்கள். மற்ற அணிகளும் நின்றுவிட்டன. ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் நிர்வாகமும் வீரர் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டில் ஒரு வரி: அணியே அரங்கத்துக்குச் சொந்தக்காரராக இருக்கும் ஊர்களில், உள்ளூர் தேர்தல் அதிகாரிகளோடு பேசி அதை வாக்குச்சாவடியாக மாற்ற முயல வேண்டும். கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் தொடங்கிய ‘மோர் தேன் எ வோட்’ அமைப்பும் இதற்காக உழைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் டாட்ஜர் ஸ்டேடியம், ஹூஸ்டனில் டொயோட்டா சென்டர், நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்று பட்டியல் நீண்டது. வேலைநிறுத்தம் செய்த விளையாட்டு வீரர்கள் பேரத்தில் வாக்குச்சாவடியைக் கேட்டு வாங்கினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். எங்கள் அரங்கத்தில் அந்த முன்கூட்டிய வாக்குப்பதிவு நாட்களில் சுமார் 40,000 பேர் வாக்களித்தார்கள். மாநிலத்திலேயே மிகப் பெரிய சாவடி என்று கொண்டாடினார்கள். ஆனால் அரங்கம் இருக்கும் ஃபுல்டன் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) அந்தத் தேர்தலில் பதிவான ஓட்டுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அரங்கத்தின் பங்கு எட்டு சதவீதத்துக்கும் குறைவு. அந்த 40,000 பேரில் எத்தனை பேர் அரங்கம் இல்லாவிட்டால் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்? நான் நிச்சயம் இருந்திருக்க மாட்டேன். வேறு சாவடிக்குப் போயிருப்பேன். ஒரு சாவடியில் கூட்டம் குவிந்தது என்பதாலேயே வாக்குப்பதிவு கூடிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துச் சாவடியில் நிற்கவேண்டியவர்கள் இங்கே வந்து நின்றிருக்கலாம். இதைப் பற்றிப் பேசுகிற பலர் தவறுவது இங்கேதான்.

2020-இல் நாடு முழுவதும் தகுதியுள்ளவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காணாத அளவு. அரங்கம் இருந்த ஊரிலும் கூடியது, இல்லாத ஊரிலும் கூடியது. தபால் வாக்கு எளிதானது. போட்டி கடுமையாக இருந்தது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியில் முன்கூட்டிப் பதிவான ஓட்டுகள் மட்டுமே ஏறத்தாழ 14 லட்சம். 2016-இல் அங்கே பதிவான மொத்த ஓட்டுகளைவிட அதிகம். ஆனால் அங்கே அரங்கத்தோடு சேர்த்து இரவெல்லாம் திறந்திருந்த சாவடிகளும், காரில் இருந்தபடியே ஓட்டுப் போடும் இடங்களும் இருந்தன. எது எவ்வளவு இழுத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அடுத்த ஆண்டே டெக்சாஸ் சட்டமன்றம் இரவுச் சாவடியையும் கார் சாவடியையும் தடை செய்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று வருந்தினேன்.

இப்போது மறுபக்கம். அதே 2020 ஜூன் 23 அன்று கென்டக்கி மாநில முதற்கட்டத் தேர்தல். லெக்சிங்டன் நகரம் முழுவதற்கும் நேரில் வாக்களிக்க அன்று ஒரே ஒரு சாவடி: பல்கலைக்கழகக் கால்பந்து மைதானமான குரோகர் ஃபீல்ட். வரிசை நீண்டுகொண்டே போனது. லூயிவில் நகரிலும் ஒரே சாவடி, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்கு. அது விளையாட்டு அரங்கம் அல்ல, கண்காட்சி மையம். ஆனால் பாடம் ஒன்றுதான். பகலெல்லாம் உள்ளே நெரிசல் இல்லை. மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தியபோது வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஓடி வந்தவர்கள் கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். நீதிபதி தலையிட்டு அரைமணி நேரம் நீட்டித்தார். தபால் வாக்கு தாராளமாக இருந்ததால் மாநிலத்தின் மொத்த வாக்குப்பதிவு விழவில்லை. ஆனால் கார் இல்லாதவருக்கும், வேலை முடித்து ஐந்தரைக்குக் கிளம்புகிறவருக்கும் அந்த ஒரே கதவு எவ்வளவு தொலைவு!

மில்வாக்கியில் இன்னும் மோசம். ஏப்ரல் 7 தேர்தலில் 180 சாவடிகள் ஐந்தாகச் சுருங்கின. பின்னர் நடந்த ஓர் ஆய்வு, இதனால் அங்கே வாக்குப்பதிவு எட்டு சதவீதப் புள்ளிக்கும் மேல் குறைந்ததாகவும் கறுப்பினத்தவரிடையே அதைவிட அதிகமாகக் குறைந்ததாகவும் கணக்கிட்டது.

இதைத் தொற்றுநோய்க் காலத்து விபரீதம் என்று தள்ளிவிடாதீர்கள். 2003-இல் கலிபோர்னியாவில் ஆளுநரைத் திரும்ப அழைக்கும் தேர்தல் நடந்தபோது லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி சாவடிகளின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்தது. ஹென்றி பிரேடி, ஜான் மெக்நல்டி என்ற இரு அரசியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். சாவடி மாறியவர்களிடையே நேரில் வாக்களிப்பது சுமார் 3 சதவீதப் புள்ளி குறைந்தது. அதில் ஏறத்தாழ 1 புள்ளி தபால் வாக்காகத் திரும்பி வந்தது. மீதி வரவே இல்லை. தூரம் ஒரு காரணம். இன்னொன்று, பழகிய இடம் மாறிப்போனதே.

அதே 2003-இல் கொலராடோ மாநில லாரிமர் கவுன்டி வேறு பாதையில் போனது. வார்டுச் சாவடிகளைக் குறைத்துப் பெரிய மையங்களை வைத்தது. கவுன்டியில் யார் வேண்டுமானாலும் எந்த மையத்திலும் வாக்களிக்கலாம் என்று விட்டது. அங்கே வாக்குப்பதிவு கூடியது, அதிலும் எப்போதாவது மட்டும் வாக்களிப்பவர்களிடையே அதிகம் கூடியது என்று ராபர்ட் ஸ்டைன், கிரெக் வோனாமி என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். அலுவலகம் போகிற வழியில், கடைக்குப் போகிற வழியில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போக முடிந்ததே காரணம். அப்படியானால் ‘யாரும் எங்கேயும்’ என்ற விதிதான் உயிர்நாடி. எங்கள் கவுன்டியிலும் முன்கூட்டிய வாக்குப்பதிவுக்கு அந்த விதி உண்டு. அதனால்தான் அரங்கம் பயன்பட்டது. மேடிசன் ஸ்கொயர் கார்டன் எவ்வளவு புகழ்பெற்ற இடமாக இருந்தாலும், அதற்கென்று ஒதுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டுமே அங்கே போக முடிந்தது.

அரங்கத்தை வேண்டாம் என்ற ஊர்களும் உண்டு. மயாமியில் ஹீட் அணி தன் அரங்கத்தைத் தருவதாகச் சொல்லியும் கவுன்டி பக்கத்தில் இருந்த அறிவியல் அருங்காட்சியகத்தைத் தேர்ந்தெடுத்தது. மில்வாக்கியில் இரண்டு அரங்கங்களை அறிவித்துவிட்டு, வழக்கு வரும், பதிவான ஓட்டு செல்லாமல் போய்விடலாம் என்று அஞ்சிப் பின்வாங்கினார்கள். இந்த இரண்டாவது முடிவு வலித்தாலும் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதிவான ஓட்டு செல்லாமல் போவதைவிடப் பெரிய துரோகம் வாக்காளருக்கு இல்லை.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் அரங்கங்கள் காலியாகக் கிடந்தன. என்பிஏ ஆட்டங்கள் ஃபுளோரிடாவில் ஒரே வளாகத்துக்குள் நடந்து முடிந்தன. இசை நிகழ்ச்சி எதுவும் இல்லை. சாதாரண ஆண்டில் அக்டோபர் பிற்பாதியிலேயே புதிய பருவம் தொடங்கிவிடும். மூன்று வாரம் தொடர்ந்து அரங்கத்தைத் தேர்தலுக்கு ஒதுக்குவது எந்த உரிமையாளருக்கும் பெரிய செலவு. 2022-இல் தேர்தல் நாளான நவம்பர் 8 அன்று ஒரு ஆட்டமும் வைக்காமல் விட்டது என்பிஏ. அது நல்ல செயல்தான். என்றாலும் 300 இயந்திரம் போட்ட அரங்கத்துக்கு அது ஈடாகாது.

எங்கள் அரங்கத்திலேயே தேர்தல் இரவில் தபால் வாக்குகளும் எண்ணப்பட்டன. எண்ணிய இரு பெண் பணியாளர்கள் மீது, தாயும் மகளும் அவர்கள், ஒரு வீடியோத் துண்டைக் காட்டி, ஓட்டு மோசடி செய்ததாகச் சிலர் பொய்ப்பழி சுமத்தினார்கள். விசாரணைகளில் எந்தத் தவறும் இல்லை என்று தெளிவானது. அவதூறு வழக்கில் 2023 டிசம்பரில் ஜூரி அவர்களுக்கு 14.8 கோடி டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆனால் அதற்குள் அவர்கள் பட்ட மிரட்டல் கொஞ்சமல்ல. வாக்குப்பதிவு கூட வேண்டும் என்று அக்கறைப்படுகிறவர்கள் இதையும் அக்கறையோடு பார்க்க வேண்டும். சாவடிக்குக் கட்டடம் கிடைத்துவிடும். நாற்காலி எடுத்துப் போட்ட அந்த ஊழியரைப் போன்றவர்கள் அடுத்த முறையும் வரவேண்டுமே.

எங்கள் கவுன்டி வடக்கிலிருந்து தெற்காக நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. தெற்குக் கோடியில் இருப்பவருக்கு நகர் நடுவே இருக்கும் அரங்கம் எட்டாத தூரம். அங்கே நூலகங்களும் சமூகக் கூடங்களும் திறந்திருந்ததால்தான் அரங்கத்தை நான் மனதாரப் பாராட்ட முடிகிறது. அவற்றை மூடிவிட்டு அரங்கத்தை மட்டும் திறந்திருந்தால் இதே பதிலைக் கோபத்தோடு எழுதியிருப்பேன்.

2022 நவம்பர் தேர்தலில் நானும் அந்த அம்மையாரும் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் கிளை நூலகத்தில் வாக்களித்தோம். குழந்தைகள் புத்தகப் பகுதிக்குப் பக்கத்து அறையில் எட்டு இயந்திரங்கள். எங்களுக்கு முன்னால் நான்கு பேர். அவர் கைத்தடியை அலமாரியில் சாய்த்துவிட்டு ஓட்டுப் போட்டார். திரும்பும் வழியில் பணப்பையைத் திறந்து, பழைய பீச் வில்லைக்குப் பக்கத்தில் புதியதையும் வைத்துக்கொண்டார்.