கார் ஸ்டீரியோவில் வால்யூம் ஏன் 63-இல் போய் நிற்கிறது?

பல டொயோட்டா கார்களில் வால்யூம் 63 வரைதான் போகிறது, 50 அல்லது 100 என்று ரவுண்டாக வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

63 நமக்குத்தான் கோணலான எண், சிப்புக்கு அது ரவுண்டுதான். பழைய ஸ்டீரியோவில் குமிழைத் திருகினால் உள்ளே இருக்கும் மின்தடையே மாறும், எண்ணுக்கு வேலையில்லை. இன்றைய குமிழ் ‘ஒரு படி ஏற்று, ஒரு படி இறக்கு’ என்று சிப்புக்குச் சொல்வதோடு சரி. அந்தப் படியை 6 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டுமே வரும் ஆறு இலக்கங்களில், எழுதினால் 0 முதல் 63 வரை மொத்தம் 64 நிலைகள். அதை அப்படியே திரையில் காட்டிவிட்டார்கள் என்பதுதான் என் கணிப்பு.

இன்னொன்று, இந்த எண் சதவீதம் அல்ல. 60-இல் வரும் சத்தத்தில் சரிபாதி 30-இல் வரும் என்று சொல்ல முடியாது. ஒலி இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூட வேண்டும், அதற்கு ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி தர வேண்டும். 1 டெசிபல் மாற்றமோ காதுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். அதனால் 100 படி வைத்தாலும் பாதி வீண்தான், திருகித் திருகிக் கைதான் வலிக்கும்.

படிகள் குறைந்தாலும் தொல்லைதான். என் காரில் உச்சம் 40. 11-இல் செய்தி காதில் விழாது. 12 வைத்தால் பின்சீட்டில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். பதினொன்றரை கிடையாது!

வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள் சில -30, -20 என்று டெசிபலையே காட்டும். பார்க்க விநோதம், ஆனால் நேர்மையான எண் அதுதான்.