உங்களால் முடியும் என்று சொல்லமாட்டேன்

அன்புள்ள ஐயா,

எனக்கு 41 வயது. கல்லூரி நாட்களிலிருந்தே கதை எழுத ஆசை, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கம் தாண்டியதும் 'உனக்கெல்லாம் எதற்கு இது' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும், அழித்துவிடுவேன். முழுதாக முடித்த ஒரே கதையை இணைத்திருக்கிறேன். எனக்கு எழுத்து வருமா, வராதா? உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொடர்ந்துவிடுவேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அது ஒரு வாரம் தாங்காது. அடுத்த கதையின் இரண்டாம் பக்கத்தில் 'மரியாதைக்குச் சொல்லியிருப்பார்' என்று அதே குரல் ஆரம்பிக்கும். நான் 'வராது' என்றால் மட்டும் மறுபேச்சில்லாமல் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும்!

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர், 'என்னால் இது ஆகும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977இல் ஒரு கட்டுரை எழுதினார். தானே செய்து பார்த்தது, பிறர் செய்யக் கண்டது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்நேரத்து உடலின் படபடப்பு என்று நான்கைச் சொல்கிறார். இதில் வலுவானது முதலாவது. நீங்கள் என்னிடம் கேட்பதோ மூன்றாவது.

பாம்பென்றால் நடுங்குகிறவர்களை வைத்து அவர் குழு சோதனைகள் செய்தது. பிறர் பாம்பைப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கும் பயம் குறையத்தான் செய்தது. ஆனால் ஆள் துணையோடு முதலில் கையுறை போட்டுத் தொட்டு, பிறகு வெறுங்கையால் தொட்டு, படிப்படியாகத் தாமே பழகியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெளிந்தது. பயம் போகட்டும், அப்புறம் தொடலாம் என்று அவர்களைக் காக்க வைக்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். அப்பா இறந்த பிறகும் மகள் பழக்கத்தில் அவருடைய மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைக்கிறாள். இரவு மாத்திரையைக் கையில் எடுத்த பிறகுதான் நிற்கிறாள். நல்ல இடம். அங்கே விட்டிருக்கலாம். அடுத்த பத்தியில் 'அவள் மனம் துயரத்தில் மூழ்கியது' என்று தொடங்கி நீங்களே உங்களுக்கு உரையாசிரியராகிவிட்டீர்கள். அந்தப் பத்தி மொத்தமும் வேண்டாம். அதை எழுத வைத்தது, வாசகருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம். நீங்கள் சொல்லும் அந்தக் குரல் உங்களை நிறுத்துவதோடு விடவில்லை. கதைக்குள்ளும் புகுந்து எழுதிக்கொண்டிருக்கிறது.

'எனக்கு எழுத்து வருமா' என்பதற்கு யாரிடமும் பதில் கிடையாது. 'இந்தப் பத்தி வேண்டுமா' என்பதற்கு உண்டு. நாளடைவில் உங்களுக்கே அது தெரியவரும். சந்தேகப்படுவதை நிறுத்தச் சொல்லவில்லை, பத்தியைச் சந்தேகப்படுங்கள். அதையும் கதையை முடித்த பிறகு. முடியும்வரை ஒரு வரியும் அழிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கதையை அனுப்பும்போது எந்த இடம் உறுத்துகிறது என்று குறித்து அனுப்புங்கள். பதில் தாமதமாகும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.