எலும்புக்குள் ஒரு குருத்து: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எலும்பு எப்படி உருவாகிறது, முறிந்தால் எப்படிக் கூடுகிறது என்பதை ஆராய்வதே என் வேலை. சிங்கப்பூர்த் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். 'ஸ்டெம் செல்' என்பதைக் குருத்தணு என்றே சொல்வேன். வாழைக் குருத்தைப் போல, இன்னும் விரியாதது. விரிந்தால் என்னவாகும் என்பதைத் தனக்குள் வைத்திருப்பது.

அக்கா, எலும்பு மஜ்ஜையில் இருப்பது ரத்தத்தை உருவாக்கும் குருத்தணு என்றுதான் படித்தோம். எலும்புக்கென்று தனியாக ஒன்று உண்டா? (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், உட்லண்ட்ஸ்)

உண்டு, தம்பி. மஜ்ஜை என்பது இரண்டு குடும்பங்கள் சேர்ந்து குடியிருக்கும் வீடு. ஒரு குடும்பம் ரத்தத்தைத் தருகிறது. மற்றொன்று எலும்பையும் குருத்தெலும்பையும் மஜ்ஜையைத் தாங்கும் திசுவையும் தருகிறது.

1960களிலும் 70களிலும் மாஸ்கோவில் அலெக்சாண்டர் ஃபிரீடென்ஸ்டைன் மஜ்ஜையை எடுத்துத் தட்டில் வளர்த்தார். பெரும்பாலான செல்கள் மிதந்தன. மிகச் சில மட்டும் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒரு சிறு கூட்டமாகப் பெருகின. அவற்றை உடலுக்குள் திருப்பி வைத்தபோது எலும்பு உருவானது. இன்றும் ஒவ்வொரு முறை தட்டை நுண்ணோக்கியில் வைக்கும்போதும் அந்தக் காட்சியைத்தான் பார்க்கிறேன். மூன்று வாரம் கழித்துச் சாயம் ஊற்றினால், கால்சியம் படிந்த இடமெல்லாம் குங்குமம் சிதறியது போலச் சிவந்து நிற்கும்.

ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் உண்மையான குருத்தணு எது என்று பிரித்தெடுக்க வெகுகாலம் ஆயிற்று. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சான், மைக்கேல் லாங்கேக்கர் குழுவினர் 2015இல் எலியிலும் 2018இல் மனிதரிலும் அதை அடையாளம் காட்டினார்கள். அந்த மனிதக் குருத்தணு எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறுகிறது, கொழுப்பாக மாறுவதில்லை. மஜ்ஜையின் ரத்தக்குழாய்களை ஒட்டி வாழும் வேறொரு வகையோ எலும்பாகவும் மாறும், கொழுப்பாகவும் மாறும். எலும்பின் மேலுறைக்கும் அதற்கே உரிய வகை இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு குருத்தணு என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: எலும்பைக் கட்டும் செல்கள் ஒரு குடும்பம்; பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் ரத்தக் குடும்பத்துப் பிள்ளைகள். கட்டுவோரும் இடிப்போரும் ஓயாமல் வேலை செய்வதால், வளர்ந்தவருக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு எலும்பு புதுப்பிக்கப்படுகிறது.

பேரனுக்கு மணிக்கட்டு முறிந்து ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது. எனக்கு அதே இடத்தில் முறிந்து மாதக்கணக்கில் வலிக்கிறது. ஏன் இந்த வேறுபாடு, டாக்டரம்மா? (தோ பாயோ)

உங்கள் வலியை மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அம்மா. இருவருக்கும் நடப்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. அந்த வீக்கமும் சூடும் தேவையானவை; குருத்தணுக்களை அழைப்பதே அவைதான். வந்தவை எடுத்த எடுப்பில் எலும்பைக் கட்டுவதில்லை. பெரும்பாலும் முதலில் குருத்தெலும்பால் ஓர் இணைப்பு போடுகின்றன. பிறகு ரத்தக்குழாய்கள் உள்ளே நுழைய, அந்த இடத்தில் கடினமான எலும்பு ஏறுகிறது. அதைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் ஆகும். தாயின் வயிற்றில் கை கால் எலும்புகள் உருவான அதே வழிதான் இது. எழுபது வயதிலும் உடல் அந்தப் பழைய பாடத்தை எடுத்துப் படிக்கிறது என்பதில் எனக்கு வியப்பு தீர்வதே இல்லை.

வயதானால் என்ன மாறுகிறது? 2021இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. முதிய குருத்தணுக்கள் எலும்பைக் குறைவாகக் கட்டியதோடு நிற்கவில்லை. எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டும் சமிக்ஞைகளையும் கூடுதலாக வெளியிட்டன. இளம் எலியின் ரத்தத்தோடு இணைத்துப் பார்த்தும் அவை இளமைக்குத் திரும்பவில்லை. ஆனால் முறிந்த இடத்திலேயே, கட்டத் தூண்டும் ஒரு புரதத்தையும் அரிப்பைத் தூண்டும் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, முதிய எலிகளின் எலும்பு நன்றாகக் கூடியது. இது மனிதருக்கு வரும் நாளுக்காகத்தான் எங்களைப் போன்றோர் உழைக்கிறோம்.

முழங்காலில் எலும்புத் தேய்மானம். வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்கள். போகலாமா? (ஈசூன்)

அவசரப்பட்டுப் போகாதீர்கள், ஐயா. முதலில் சொல்லைச் சரிசெய்வோம். தமிழில் 'எலும்புத் தேய்மானம்' என்று இரண்டு வெவ்வேறு நோய்களைச் சொல்கிறோம். மூட்டின் குருத்தெலும்பு கெடுவது மூட்டுத் தேய்மானம், அது வலிக்கும். எலும்பே அடர்த்தி குறைந்து மெலிவது எலும்புப்புரை. முறியும்வரை அது வலிப்பதே இல்லை. இந்தக் குழப்பத்தால் எலும்புப்புரைக்கு மருந்து எடுக்க வேண்டியவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

உங்களுக்கு இருப்பது முதல் வகையாகத் தெரிகிறது. விளம்பர ஊசிகளில் பலவும் கொழுப்பிலிருந்தோ மஜ்ஜையிலிருந்தோ எடுத்த கலவையான செல்கள். அவை தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்கும் என்று நிறுவப்படவில்லை. 2020இல் எலி மூட்டில் ஒரு குழு குருத்தெலும்பை வளர்த்தது உண்மைதான். ஆனால் அவர்கள் செல்லை ஊற்றவில்லை. அங்கேயே உறங்கிய குருத்தணுக்களைச் சிறு காயத்தால் எழுப்பி, இரண்டு மருந்துகளால் எலும்பாகாமல் குருத்தெலும்பாகும்படி திருப்பினார்கள். சூழலைச் சரிசெய்யாமல் செல்லை மட்டும் கொடுப்பது, உழாத நிலத்தில் விதைப்பது போல.

சிங்கப்பூரில் 2021 மார்ச் முதல் செல் சிகிச்சைப் பொருள்களைச் சுகாதார அறிவியல் ஆணையம் தனிச் சட்டவிதிகளின்கீழ் கட்டுப்படுத்துகிறது. எங்கே போனாலும் கேளுங்கள்: இது பதிவுபெற்ற சிகிச்சையா, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வா? ஆய்வு என்று சொல்லிவிட்டு உங்களிடமே பெருந்தொகை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கப்பல் பட்டறையில் வேலை. கால் முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். சிகரெட்டை விடச் சொல்கிறார் மருத்துவர். எலும்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு, அக்கா? (துவாஸ்)

நேரடித் தொடர்பு, தம்பி. புதிய ரத்தக்குழாய் நுழைந்தால்தான் எலும்பு ஏறும் என்று மேலே சொன்னேனே, புகை அந்த ரத்த ஓட்டத்தைத்தான் குறைக்கிறது. புகைப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாவதும் கூடாமலே போவதும் அதிகம். காலை ஊன்றி வேலைக்குத் திரும்பும்வரையாவது விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு தொடங்க மனம் வராது என்று நம்புகிறேன்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு வலுக்குமா?

சுவைக்காகக் குடியுங்கள். எலும்பிலுள்ள கால்சியம் நீரில் மிகக் கொஞ்சமே இறங்கும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. முள்ளோடு உண்ணும் நெத்திலியும் நல்லது. அடுத்த முறை தேக்கா சந்தையில் நல்லி எலும்பு வாங்கினால் உடைத்துப் பாருங்கள்: உள்ளே மஞ்சளாக வழிவது கொழுப்பேறிய மஜ்ஜை. வயது ஏற ஏற நம் எலும்பிலும் அது கூடுகிறது.

எலும்பு அதிகமாக வளர்வதும் நோயா?

ஆம், கொடிய நோய். பத்து லட்சம் பேரில் ஒருவர் அளவிலேயே வரும் ஓர் அரிய நோயில் தசையும் தசைநாரும் எலும்பாக மாறி, உடல் மெல்லப் பூட்டிக்கொள்கிறது. எலும்பாக்கத் தூண்டும் சமிக்ஞையைப் பெறும் புரதத்துக்கான ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் நேரும் மாற்றமே காரணம் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். குருத்தணுவுக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும் என்பதை அந்த நோயாளிகளின் வேதனையிலிருந்தே கற்றுக்கொண்டோம்.

வயது 72. நடந்தால் இனியும் எலும்பு வளருமா, மகளே? (அங் மோ கியோ)

எலும்புக்குள் புதைந்திருக்கும் செல்கள் பாரத்தை உணர்கின்றன, பாட்டி. பாரம் விழுந்தால், கட்டுவதைத் தடுக்கும் ஒரு புரதத்தை அவை குறைத்துக்கொள்கின்றன. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2019இல் ஒப்புதல் கிடைத்தது. நடை நல்லது; அதோடு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். மெலிந்துபோன எலும்பு இளமைக்குத் திரும்பாது. ஆனால் இழப்பு குறையும், கால் தடுமாறுவதும் குறையும்.

மாதவிலக்கு நின்ற ஆசியப் பெண்களுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. வயதிலிருந்து எடையைக் கழியுங்கள். நீங்கள் 48 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். 72இலிருந்து 48 போனால் 24. இருபதைத் தாண்டினால் எலும்புப்புரைக்கான வாய்ப்பு அதிகம். இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போய், எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள்.