ஆடை வடிவமைப்பில் தொடங்கிய ஒருவர் நல்ல திரைப்பட இயக்குநராக முடியுமா? அந்த அனுபவம் இயக்கத்துக்கு உதவுமா?

முடியும் என்பதற்கு நான் சொல்லும் முதல் பெயர் ஹாலிவுட் இயக்குநர் ஜோயல் ஷூமேக்கர். ‘பேட்மேன்’ வரிசையைக் கெடுத்தவர் என்று மட்டுமே அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். அது அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

1939-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், நான்கு வயதில் தந்தையை இழந்தவர். பார்சன்ஸ் வடிவமைப்புக் கல்லூரியிலும் ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியிலும் பயின்று, ஹென்றி பெண்டெல் என்ற புகழ்பெற்ற ஆடையகத்தில் காட்சிச் சாளரங்களை அலங்கரிக்கும் வேலை பார்த்தார். 1970-களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டுக்குச் சென்று திரைப்படங்களுக்கு ஆடை வடிவமைக்கத் தொடங்கினார். உடி ஆலனின் ‘ஸ்லீப்பர்’ (1973) படத்தில் இருநூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய உலகத்துக்கு உடுத்திவிட்டவர் இவர்தான்.

அதே இயக்குநருக்காக அவர் ஆடை வடிவமைத்த ‘இன்டீரியர்ஸ்’ (1978) படத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். வீட்டு உள் அலங்காரம் செய்யும் தாய், தன் வீட்டையும் மகள்களையும் சாம்பலும் வெளிர் மணல் நிறமுமான ஓர் ஒழுங்குக்குள் அடக்கி வைத்திருக்கிறாள். அவளைப் பிரிந்த கணவன் மணக்கவிருக்கும் பெண்ணோ சிவப்பு உடையில் அந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே, இந்தக் குடும்பம் இதுவரை எதை மறுத்து வந்திருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. இது அழகுக்காகச் சேர்த்த நிறம் அன்று. கதையைச் சொல்லும் வேலையில் பாதியை அந்த உடையே செய்துவிடுகிறது.

ஆடை வடிவமைப்பாளர் திரைக்கதையை மற்றவர்களைப் போலப் படிப்பதில்லை. இந்த மனிதர் எவ்வளவு சம்பாதிக்கிறார், தன் சட்டையைத் தானே இஸ்திரி போடுகிறாரா, யாருடைய கண்ணுக்காக உடுத்துகிறார் என்று ஒவ்வொரு காட்சியிலும் கேட்டுக்கொண்டே படிக்கிறார். ஓர் இயக்குநர் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே. உடை அளவு பார்க்கும் அறையில் நடிகர் தன் உடலைப் பற்றிய கூச்சத்தையும் பயத்தையும் மறைக்க முடியாமல் நிற்பார். அங்கே அவரிடம் பேசிப் பழகியவருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகரைக் கையாள்வது புதிய வேலையாக இருக்காது.

இந்தப் பயிற்சியின் முழுப் பலனையும் நான் ‘ஃபாலிங் டவுன்’ (1993) படத்தில் காண்கிறேன். ஷூமேக்கர் இயக்கிய படங்களுக்கு ஆடை வடிவமைத்தவர்கள் வேறு கலைஞர்கள். ஆனால் உடையை நம்பிக் கதை சொல்லும் துணிவு அவருடையது. மைக்கேல் டக்ளஸ் நடித்த நாயகன் வேலை இழந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும், அரைக்கை வெள்ளைச் சட்டை, டை, சட்டைப்பையில் பேனாக்கள் என்று அலுவலகம் செல்பவனாகவே நாள்தோறும் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். அந்தச் சட்டையைக் களைந்து அவன் ராணுவ உடைக்கு மாறும்போது, இனி அவனுக்குத் திரும்பும் வழி இல்லை என்பதை யாரும் வசனமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ பத்தே நாட்களில், பெரும்பகுதி ஒரே இடத்தில் எடுக்கப்பட்ட ‘ஃபோன் பூத்’ படத்திலும், நாயகன் தன் விலையுயர்ந்த உடையும் போலிக் கடிகாரமும் எதை மறைப்பதற்கு என்று கூட்டத்தின் நடுவே ஒப்புக்கொள்ளும் இடம்தான் உச்சம்.

பேட்மேன் விஷயத்துக்கு வருகிறேன். 1995-இல் அவர் இயக்கத்தில் வந்த ‘பேட்மேன் ஃபாரெவர்’ உலகெங்கும் 33 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 1997-இல் அவர் அடுத்து இயக்கிய ‘பேட்மேன் அண்ட் ராபின்’ கடுமையாக எள்ளப்பட்டது. பிற்காலத்தில் அவர் ரசிகர்களிடம் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். அப்படத்தில் உடைகள் பாத்திரத்தை விட்டு விலகிக் கண்காட்சிப் பொருளாகிவிட்டன என்பது என் கருத்து. ஆனால், அதன்பின் அவர் செய்ததை மிகச் சிலரே பேசுகிறார்கள். சிறிய செலவில், 16 மி.மீ. படச்சுருளில், கையில் ஏந்திய கேமராவுடன், அப்போது பெரிதும் அறியப்படாத காலின் ஃபாரெலை வைத்து ‘டைகர்லேண்ட்’ (2000) எடுத்தார். வியட்நாம் போருக்கு ஆள் தயாரிக்கும் முகாமைப் பற்றிய கதை அது. எல்லோரும் ஒரே சீருடையில் இருக்கும் அந்தப் படத்தில் மனிதர்களை வேறுபடுத்திக் காட்ட முகமும் நடையும் பேச்சும் மட்டுமே துணை. அதையும் அவர் சிறப்பாகவே செய்தார்.

ஆடைப் பிரிவிலிருந்து ஒரே தாவலில் அவர் இயக்குநராகிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். 1974-இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தை இயக்கினார். 1976-இல் ‘ஸ்பார்க்கிள்’, ‘கார் வாஷ்’ ஆகிய படங்களுக்குத் திரைக்கதை எழுதினார். அதன் பிறகும் ‘இன்டீரியர்ஸ்’ படத்துக்காக ஆடைப் பணிக்குத் திரும்பினார். திரையரங்குக்கான முதல் படத்தை இயக்கியது 1981-இல்தான். நீங்கள் இப்போது ஆடைப் பிரிவில் இருக்கிறீர்கள் என்றால், அந்த வேலையை விடாமலேயே ஒரு திரைக்கதையை எழுதத் தொடங்குங்கள்.